பாலிமாஸ்டோஸ்: எபேசு தேவிக்கு வெளியார் இட்ட பெயர்

துருக்கியின் மேற்குக் கரைப் பக்கம் செல்சுக் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. பழைய எபேசு நகரத்தின் இடிபாடுகள் அதன் அருகில்தான் கிடக்கின்றன. 1956-இல் அங்கே பிரிட்டானியம் என்ற நகர மன்றக் கட்டடத்தைத் தோண்டியபோது கிரேக்கர்களின் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் தேவியின் பளிங்குச் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. ஒன்று ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், கி.பி. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைவிடச் சிறியதும் வேலைப்பாட்டில் நுட்பமானதுமான இன்னொன்றுக்கு 'அழகிய ஆர்ட்டெமிஸ்' என்று பெயர், 2-ஆம் நூற்றாண்டு. இரண்டும் இப்போது செல்சுக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வில்லும் அம்பும் ஏந்தி, குட்டைப் பாவாடையோடு காட்டில் ஓடும் வேட்டைக்காரியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இவளைப் பார்த்துத் திகைத்துவிடுவார்கள். இவள் தூண் மாதிரி அசையாமல் நிற்கிறாள். இடுப்புக்குக் கீழே உடலோடு ஒட்டிய உறை போன்ற ஆடை. அதில் கட்டம் கட்டமாகச் சிங்கம், மான், காளை, தேனீ, சிறகு முளைத்த கற்பனை விலங்குகள். முன்கைகளில் சிறு சிங்கங்கள் ஏறி நிற்கின்றன. கழுத்தணியில் ராசிச் சின்னங்கள். அப்புறம், மார்பிலிருந்து இடுப்புவரை வரிசை வரிசையாக, முட்டை வடிவில் கொத்தாகத் தொங்கும் உருண்டைகள்.

அந்த உருண்டைகளுக்காகவே ஒரு சொல் உண்டு: பாலிமாஸ்டோஸ். கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'மாஸ்டோஸ்' என்றால் முலை. பல முலைகள் கொண்டவள். ஐரோப்பிய மொழிகளில் இதுவே பாலிமாஸ்டிக் என்றும் பாலிமாஸ்டியா என்றும் திரிந்தது. கலை வரலாற்று நூல்களிலும் மருத்துவ நூல்களிலும் மட்டுமே தலைகாட்டும் அரிய சொல். 'உலகுக்கே பாலூட்டும் இயற்கைத் தாய்' என்று ஐரோப்பா வரைந்த படங்களுக்கெல்லாம் பின்னால் இந்தச் சொல் நிற்கிறது. அதனால் இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டாக வேண்டும். எபேசு மக்கள் சொன்னதாக ஒரு சான்றும் நம் கையில் இல்லை.

இந்த வர்ணனை பழைய எழுத்துகளில் எங்கே வருகிறது என்று பார்த்தால், முதலில் எதிர்ப்படுகிறவர்கள் கிறிஸ்தவ எழுத்தாளர்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ லத்தீனில் எழுதிய மினுசியஸ் ஃபெலிக்ஸ், பழைய தெய்வங்களைக் கேலி செய்யும் ஓர் உரையாடலில் இவளையும் இழுக்கிறார். தியானா (ஆர்ட்டெமிஸுக்கு ரோமானியர் வழங்கிய பெயர்) ஓரிடத்தில் ஆடையைத் தூக்கிச் செருகிய வேட்டைக்காரியாம், எபேசிலோ உடலெங்கும் முலையாக நிற்கிறாளாம். ஒரே தெய்வத்துக்கு இத்தனை உருவமா என்பது அவர் கேள்வி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் வருகிறார். பைபிளை லத்தீனில் தந்த அதே ஜெரோம். எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்துக்கு உரை எழுதும்போது முன்னுரையிலேயே விளக்குகிறார்: எபேசு மக்கள் வணங்கியது வில்லேந்திய வேட்டைக்காரியை அல்ல, 'கிரேக்கர்கள் பாலிமாஸ்டோஸ் என்று அழைக்கும்' தியானாவை, எல்லா விலங்குகளுக்கும் உயிர்களுக்கும் இவளே செவிலித்தாய் என்ற பொய்யை அந்த உருவத்தைக் கொண்டே பரப்பினார்கள் என்று.

அந்தச் சொல் இந்தத் தேவியின் பெயராக நம் கையில் கிடைப்பது இந்த ஒரு வரியில்தான். எழுதியவர் அந்த வழிபாட்டை ஏற்காதவர். அது பொய் என்று காட்டவே அந்த உருவத்தை விவரித்தவர். அவர் வேண்டுமென்றே திரித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதியிருப்பார். ஆனால் கோயிலுக்குள் அந்த உருவத்துக்கு என்ன பொருள் இருந்தது என்பதற்கு அவரைச் சாட்சியாக அழைக்க முடியாது. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இப்படிப் பார்த்ததுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் மக்ரோபியஸ், எகிப்திய ஐசிஸ் தேவியைப் பூமி அல்லது இயற்கை என்று விளக்கி, அவள் உடல் முழுக்க முலைகள் நெருங்கி இருப்பதற்கு உலகம் அவளிடம் ஊட்டம் பெறுவதே காரணம் என்று எழுதினார். ஐசிஸுக்கு அப்படி உருவம் செய்யும் வழக்கம் கிடையாது. எபேசு தேவியின் தோற்றம் அவர் மனதில் ஐசிஸோடு கலந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

எபேசு மக்களே அவளை என்னவென்று அழைத்தார்கள்? கல்வெட்டுகளில் அவள் பெரியவள், காப்பவள், முதல் அரியணையில் அமர்ந்தவள். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்தக் குரல் ஏற்கெனவே பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டான் பவுலுக்கு எதிராக ஊரைத் திரட்டுகிறான். கூட்டம் அரங்கத்துக்குள் புகுந்து இரண்டு மணி நேரம் 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று கத்துகிறது. அந்தப் 'பெரியவள்' வெறும் ஆவேசக் கூச்சல் அல்ல, அவளுக்கு முறையாக வழங்கிய பட்டப்பெயர். கி.பி. 104-இல் விபியஸ் சலுடாரிஸ் என்ற செல்வந்தர் தேவியின் பொன், வெள்ளி உருவங்களைக் கோயிலிலிருந்து அரங்கத்துக்கு ஊர்வலமாக எடுத்துவரக் கொடை எழுதிவைத்தார். அந்த நீண்ட கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஊரின் பெருமை, ஊரின் காவல், ஊரின் பணம் மூன்றும் அவள் பேரில்தான் இருந்தன. கடன் கொடுத்து வாங்கும் வங்கியாகவும் புகலிடமாகவும் அவள் கோயில் இயங்கியது.

அந்தக் கோயிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் லிடியாவின் அரசன் குரோசஸ் உதவியோடு எழுந்த பளிங்குக் கோயில் கி.மு. 356-இல் எரிந்தது. தன் பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஹெரோஸ்ட்ரேட்டஸ் என்பவன் தீ வைத்ததாகச் சொல்வார்கள். பிறகு அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள். உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாக எண்ணப்பட்டது அதுதான். 127 தூண்கள், ஒவ்வொன்றும் 60 அடி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கோத்தியர் படையெடுப்பில் சூறையாடப்பட்டு, காலப்போக்கில் சேற்றுக்கடியில் போய், 1869 டிசம்பர் 31 அன்று ஜான் டர்ட்டில் வுட் தோண்டி எடுக்கும்வரை அது இருந்த இடமே யாருக்கும் தெரியாது.

உள்ளே இருந்த மூலச்சிலை மரத்தால் ஆனது. பளிங்கில் இன்று நாம் பார்ப்பவை அதன் நகல்கள், பெரும்பாலும் ரோமானியர் காலத்தவை. மூலச்சிலை எந்த மரம் என்பதில்கூட அந்தக் காலத்திலேயே சண்டை. கருங்காலி என்று பலர் சொல்ல, ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாக மூன்று முறை இருந்த முசியானஸ் அது திராட்சைக் கொடி மரம் என்று எழுதியதாகப் பிளினி குறிப்பிடுகிறார். கோயில் ஏழு முறை புதுப்பிக்கப்பட்டும் சிலை மாற்றப்படவில்லையாம். மரம் வறண்டு பிளந்துவிடாமல் இருக்க, துளைகள் வழியே வாசனைத் தைலம் ஊற்றினார்களாம். கிரேக்க எழுத்தாளர் செனஃபோனோ, கிரேக்கத்தில் தான் கட்டிய சிறு கோயிலின் சிலையும் எபேசுச் சிலையைப் போன்றதே, அங்கே பொன், இங்கே சைப்ரஸ் மரம் என்கிறார். உள்ளே மரம், வெளியே பொன் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கூற்றுகளும் பொருந்திப் போகின்றன. ஆடையும் நகையும் சாத்தப்பட்ட மரத் திருமேனி அது.

சாத்துவது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கவசம் சாத்திய அம்மனைப் பார்த்துவிட்டு, அவளுக்கு உடம்பே வெள்ளி என்று நாம் எழுதமாட்டோம். எபேசு தேவி விஷயத்தில் அப்படி ஒரு குழப்பம்தான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குச் சிலைகளிலேயே தடயம் இருக்கிறது.

அந்த உருண்டைகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். முலைகள் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே, ஆடைக்கு மேலே, ஓர் அணிபோல அவை தொங்குகின்றன. பெரும்பாலான சிலைகளில் காம்பு கிடையாது. விலங்குகளின் ஒவ்வொரு இறகையும் பிடரி மயிரையும் செதுக்கிய சிற்பி, காம்பை மட்டும் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அதில் முகமும் கைகளும் பாதங்களும் கருநிற வெண்கலம். உடை வெளிர்நிற அலபாஸ்டர் கல். (வெண்கலப் பகுதிகள் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.) உருண்டைகள் எந்த நிறத்தில் இருக்கின்றன? உடையின் நிறத்தில். தோலின் நிறத்தில் அல்ல.

எல்லாவற்றையும்விட எனக்கு வலுவாகப் படும் சான்று ஓர் ஆண் தெய்வம். எபேசுக்குத் தெற்கே காரியா நாட்டில் லாப்ராண்டா என்ற மலைக்கோயில். அங்கே இருந்தவர் இரட்டைக் கோடரி ஏந்திய ஸீயஸ், கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் காரியாவை ஆண்ட அடா, இட்ரியஸ் இருவருக்கும் நடுவில் அவர் நிற்பதைக் காட்டும் புடைப்புச் சிற்பம் ஒன்று கிரேக்கத்தின் தெகேயாவில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்தில் நல்ல தாடி. மார்பில், எபேசு தேவிக்கு இருப்பது போன்ற உருண்டைகள். தாடி வைத்த கடவுளுக்குப் பல முலைகள் என்று யாரும் வாதிடத் துணியமாட்டார்கள். ஆசியா மைனரின் (இன்றைய துருக்கியின்) அந்தப் பகுதியில் ஆண், பெண் பேதமில்லாமல் தெய்வத் திருமேனிக்குச் சாத்தும் ஓர் அணி இருந்திருக்கிறது என்று கொள்வதுதான் நியாயம்.

சரி, அது என்ன அணி? இங்கேதான் ஆய்வாளர்கள் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். முட்டைகள், பேரீச்சம்பழங்கள், தேனீ தொடர்பான ஏதோ என்று பழைய ஊகங்கள் நிறைய உண்டு. தேனீ என்ற யோசனைக்கு மட்டும் கொஞ்சம் அடிப்படை இருக்கிறது. எபேசு நாணயங்களில் தேனீதான் ஊர்ச் சின்னம். கோயிலில் ஒரு வகைப் பணியாளர்களுக்கு 'எஸ்ஸேன்' என்று பெயர். கூட்டுத் தேனீக்களின் தலைமைத் தேனீயைக் குறித்த சொல் அது. இருந்தாலும் உருண்டைகள் தேனீயாகவோ தேன்கூடாகவோ தெரியவில்லை.

1979-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஜெரார்ட் சைட்டர்லே எல்லோரையும் உலுக்கினார். அவை காளையின் விதைப்பைகள், பலியிட்ட காளைகளிடமிருந்து எடுத்துச் சிலைக்குக் கோத்துப் போட்டவை என்றார். சொன்னதோடு நில்லாமல், உண்மையான விதைப்பைகளை ஓர் உருவத்தில் கட்டித் தொங்கவிட்டு, பளிங்கில் தெரியும் வடிவம் அச்சாக வருகிறது என்று காட்டினார். பெண்ணின் வளத்தைக் குறிக்கிறது என்று நினைத்திருந்ததை ஆணின் வீரியமாக மாற்றிய கருத்து இது, அதனால் வேகமாகப் பரவியது. சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் இதையே முடிந்த முடிவு போலச் சொல்கிறார்கள். வடிவ ஒற்றுமை உண்மைதான். ஆனால் இப்படி ஒரு சடங்கு எபேசில் நடந்ததாக எந்தப் பழைய எழுத்தும் கல்வெட்டும் சொல்லவில்லை. அதனால் என்னால் இதை ஒரு புத்திசாலியான ஊகமாக மட்டுமே ஏற்க முடிகிறது.

மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்று என்றால் அது அம்பர், அதாவது கல்லாக இறுகிய பழைய மரப்பிசின். 1980-களின் இறுதியில் ஆஸ்திரியத் தொல்லியலாளர் அன்டன் பாமர், குரோசஸ் காலத்துக்கும் முந்தைய ஒரு சிறு கோயிலின் அடித்தளத்தைத் தோண்டினார். வெள்ளம் புகுந்து மூடிய அந்த அடுக்கில், கோத்துப் போடுவதற்குத் துளையிட்ட துளி வடிவ அம்பர் மணிகள் பல கிடைத்தன. மரச்சிலையின் மேல் தொங்கிய அணியின் மிச்சம் அவை என்று அவர் கருதினார். அளவில் இவை சிறியவை, பளிங்கின் உருண்டைகள் பெரியவை என்ற இடைவெளி இருக்கிறது. ஆனால் பல நூற்றாண்டுகளில் நகலுக்கு நகல் எடுக்கும்போது ஓர் அணி பெருத்துப்போவது நடக்கக்கூடியதே.

எனக்கு மிகவும் பிடித்தது ஆய்வாளர் சாரா மோரிஸ் முன்வைத்த விளக்கம். ஹிட்டைட் மக்கள் எபேசுக்குக் கிழக்கே அனத்தோலியாவை ஆண்டவர்கள், இந்தக் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். அவர்களிடம் 'குர்ஷா' என்றொரு புனிதப் பொருள் இருந்தது. தோலால் செய்த வேட்டைப் பை. அதையே தெய்வமாக வணங்கினார்கள். கோபித்துக்கொண்டு போன டெலிபினு தெய்வம் திரும்பி வரும் கதையின் முடிவில், பசுமை மாறாத மரத்தில் ஆட்டுத் தோல் குர்ஷா ஒன்று தொங்குகிறது. அதற்குள் ஆட்டுக் கொழுப்பும் தானியமும் திராட்சை ரசமும் ஆடுமாடுகளும் நீண்ட ஆயுளும் சந்ததியும் இருக்கின்றன என்கிறது அந்தக் களிமண் பலகை. வேட்டையோடு தொடர்புள்ள தெய்வம், ஒரு மரம், அதில் தொங்கும் தோல் பை, பைக்குள் நாட்டின் வளமெல்லாம். கிரேக்கக் கதைகளில் வரும் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்கள் எபேசில் ஒரு மரத்தடியில் ஆர்ட்டெமிஸின் மர உருவத்தை நிறுத்தினார்கள் என்று கவிஞர் கலிமாகஸ் பாடியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிலிர்க்கிறது. இந்த விளக்கத்தில் வளம் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. மாறுவது அது குடியிருக்கும் இடம். தேவியின் உடலில் இருந்து அவள் சுமக்கும் பைக்கு அது நகர்ந்துவிடுகிறது. நிரூபணம் ஆகிவிட்டதா என்றால் இல்லை. ஹிட்டைட் அரசு கி.மு. 1200 வாக்கில் சிதைந்துபோனது. அதற்கும் நம் கையில் உள்ள சிலைகளுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இதைச் சொன்ன கையோடு எதிர்ப்பக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஓர் உருவம் எப்படிப் பிறந்தது என்பது ஒன்று, ஆயிரம் ஆண்டு கழித்து அதைக் கும்பிட்டவர்கள் அதில் எதைக் கண்டார்கள் என்பது வேறொன்று. ரோமானியர் காலத்து எபேசுப் பெண் ஒருத்தி, பிள்ளைப்பேற்றின்போது துணை வரும் இந்தத் தேவியின் முன் நின்று, அந்த உருண்டைகளில் தாய்மையைக் கண்டிருக்கலாம். ஜெரோம் 'கிரேக்கர்கள் அழைக்கும்' என்று எழுதுவதால் அப்படிச் சொன்ன கிரேக்கர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். பழைய அணியின் பொருள் மறந்துபோன பிறகு மக்கள் தங்களுக்குத் தெரிந்த பொருளை அதில் ஏற்றியிருந்தால் அதைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. அதை ஆதிப் பொருள் என்று நூல்கள் எழுதும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் இந்தத் தயக்கமெல்லாம் யாருக்கும் இல்லை. ரோமில் பழைய சிலைகள் தோண்டத் தோண்ட வந்துகொண்டிருந்தன, ஜெரோமும் மக்ரோபியஸும் படிப்பாளிகளின் மேசையில் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்ததும் 'இயற்கை' என்ற கருத்துக்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது. வத்திக்கானில் ரஃபேல் வரைந்த மேற்கூரை ஓவியத்தில் தத்துவம் என்ற பெண் அமர்ந்திருக்கும் இருக்கையின் கைப்பிடிகளில் எபேசு ஆர்ட்டெமிஸ் இருக்கிறாள். பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸுக்காகத் திரிபோலோ செதுக்கிய இயற்கைத் தாயின் சிலை ஃபோந்தன்புளோ அரண்மனையில் இருக்கிறது. ரோமுக்குப் பக்கத்தில் டிவோலியின் வில்லா தெஸ்தே தோட்டத்துக்கு 1568-இல் ஃப்ளெமிஷ் சிற்பி ஒருவர் செய்த சிலை எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. அங்கே ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு வருகிறது. இன்றைக்கும் வருகிறது. பழைய சிற்பிகள் வைக்காத காம்பைப் புதியவர்கள் வைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் செதுக்கியது பழைய சிலையை அல்ல, பாலிமாஸ்டோஸ் என்ற சொல்லை.

அறிவியலுக்குள்ளும் அவள் நுழைந்தாள். உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ், சுவீடனின் விலங்குகளைப் பற்றி 1746-இல் வெளியிட்ட நூலின் முகப்புப் படத்தில் அவளைத்தான் நிறுத்தினார். 12 ஆண்டுகள் கழித்து, 1758-இல், அதுவரை நாலுகாலிகள் என்று சொல்லிவந்த வகுப்புக்கு மாமாலியா என்று பெயர் வைத்தார். 'மாமா' என்றால் லத்தீனில் முலை. நாம் பாலூட்டிகள் என்கிறோம். அந்த விலங்குகளுக்கு முடி, காது எலும்பு என்று வேறு பொது அடையாளங்களும் உண்டு. அவர் தேர்ந்தெடுத்தது இதை. செல்வக் குடும்பங்கள் குழந்தைகளைச் செவிலியரிடம் விடுவதைக் கண்டித்து, தாயே பாலூட்ட வேண்டும் என்று 1752-இல் தனியாக ஒரு நூலும் எழுதியவர் அவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் தன் தாவரப் புவியியல் நூலை 1807-இல் கவிஞர் கேத்தேவுக்குக் காணிக்கையாக்கியபோதும், கிரேக்கத் தெய்வம் அப்போலோ திரை விலக்கிக் காட்டும் இயற்கையாக அதில் நின்றவள் இவளே.

இன்று பாலிமாஸ்டியா என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் மருத்துவர்கள். இரண்டுக்கு மேற்பட்ட முலைத் திசுக்கள் உடலில் அமைந்திருக்கும் நிலைக்கு அது பெயர். கருவில் அக்குளிலிருந்து தொடையிடுக்குவரை இரு பக்கமும் பால்கோடு என்ற தடித்த வரி தோன்றும். மனிதக் கருவில் மார்புப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அங்கங்கே கொஞ்சம் எஞ்சிவிடுகிறது, பெரும்பாலும் அக்குளில். சிலருக்குப் பிள்ளை பெற்ற பிறகு அது வீங்கி, பால் சுரக்கும்போதுதான் இருப்பதே தெரியவரும். இதை விளக்கும் மருத்துவக் கட்டுரைகளில் எபேசு ஆர்ட்டெமிஸை முன்னுதாரணமாகக் காட்டும் வழக்கம் உண்டு. பால்கோடு உடலின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழே இறங்குவது. சிலையின் உருண்டைகளோ மார்பின் குறுக்கே, மாலை வளைவது போல, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன.